படமில்லாத பெட்டி

சிகரெட் விலை ஏறியதற்காகக் கைதட்டிய ஒரே ஆள், சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய ஸ்கூடாயில், எங்கள் தாமான் குடியிருப்பிலேயே நானாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. "இன்னொரு தடவ வெல ஏறட்டும், விட்டுடுறேன். அந்தக் காசுல உனக்கு சைக்கிள்," என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். தொலைக்காட்சிச் செய்தியில் விலையேற்றத்தைச் சொன்னதும் சோபா மேல் ஏறிக் குதித்தேன். அப்பாவின் முகத்தை யார் பார்த்தார்கள்?

வீட்டில் புகைப்பவர்கள் மூன்று பேர். தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் மாமா, எங்களோடு தங்கிக் கல்லூரியில் படித்த பெரியப்பா மகன், தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா. யார் விடுவார்கள் என்று வேவு பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. மாமா அசரவே இல்லை. "அங்க விக்கிற வெலைக்கு இதெல்லாம் ஒரு வெலையே இல்ல லா," என்று ஊதித் தள்ளினார். அண்ணன் ஒரே வாரத்தில் அடங்கிவிட்டான். பெரியப்பா அனுப்பும் கைச்செலவில் சோறா சிகரெட்டா என்றாகிவிட்டதாம்.

அப்பாதான் எனக்கு முக்கியம். தினமும் அவர் சட்டைப்பையைத் துழாவினேன். கருகிய நுரையீரலைப் படம் போட்ட அந்தப் பெட்டியைக் கொஞ்ச நாளில் காணவில்லை. அப்பா விட்டுவிட்டார்! பக்கத்து வீட்டுக்காரர் முதல் மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் வரை எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். தீபாவளிக்கு முன்பே சிவப்பு சைக்கிள் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மணியடித்துக்கொண்டே கடைவரிசையின் பின்சந்துக்குள் திரும்பினேன். அங்கே அப்பா குந்தியிருந்தார், வாயில் சிகரெட். என்னைப் பார்த்ததும் கீழே போட்டு மிதித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவருமோ என்ற பயம் வேறு. அப்போதுதான் அவர் கையிலிருந்த பெட்டி கண்ணில் பட்டது. வெள்ளைப் பெட்டி. அதில் எந்தப் படமும் இல்லை.

அவ்வளவுதான், கவலையெல்லாம் பறந்தது. "இதுல அந்த நோய்ப் படம் இல்லையேப்பா. அப்ப இது ஒண்ணும் செய்யாது, இல்ல?"

அப்பா பெட்டியைக் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத, சரியா?" என்றார்.

நான் பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன். வரி கட்டாமல் மலிவாக வரும் கள்ளச் சரக்கில் யாரும் படம் அச்சடிப்பதில்லை என்பதோ, அதில் மிச்சமான காசில்தான் என் சைக்கிள் வந்தது என்பதோ அன்று எனக்குத் தெரியாது. ஆபத்தில்லாத சிகரெட்டை அப்பா கண்டுபிடித்துவிட்டார் என்ற குஷியில், வீடு வரைக்கும் மணியை விடாமல் அடித்துக்கொண்டே போனேன்.