மானுக்குச் சொன்ன வயது

அப்பா வளைகுடாவுக்குப் போனபோது எனக்கு நான்கு வயது. அறந்தாங்கிப் பக்கத்து ஆட்களெல்லாம் அங்கே கடையிலும் கட்டட வேலையிலும் இருக்க, ஆட்டுக்குத் தழை ஒடிக்கச் சொன்னாலே சலித்துக்கொள்ளும் அப்பாவுக்கு மான் பார்க்கிற வேலை கிடைத்தது. பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வேலி போட்டு, காட்டு மான்களை உள்ளே விட்டிருந்தார்கள். தீனி வைத்து, எது குட்டி, எது கிழடு என்று நோட்டில் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வருவார். எங்கள் இருவருக்கும் பேச விஷயம் இருக்காது. அதனால் மானைக் காட்டுவார். "இதுக்கு என்ன வயசுப்பா?" என்பேன். யோசிக்கவே மாட்டார். மணல் நிறத்தில் இருந்தால் பிறந்து சில மாதம்தான். வளர வளர வெளுத்துவிடும். கொம்பு முனை ஊசியாக இருந்தால் இளசு, மழுங்கியிருந்தால் கிழடு. "கொம்பு ஏமாத்திப்புடும். பால்பல்லு விழுந்துருச்சான்னு வாயப் பாக்கணும்" என்பார். மற்ற ஆறு நாளும் வீட்டில் அம்மாவின் தையல் மிஷின் சத்தம்தான். வெள்ளிக்கிழமைக்காக ஏங்கிக் கிடப்பேன்.

ஏழு வயதில் முன்பல் இரண்டும் விழுந்தன. அந்த வாரம் போனுக்கு நேரே வாயைப் பிளந்து, "எனக்கு என்ன வயசுன்னு சொல்லுங்க" என்றேன். படம் அப்படியே நின்றுவிட்டது. வாய் வலிக்கும்வரை நானும் மூடவில்லை. பிறகு அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கொரு கவுன் கொடுத்தனுப்பினார். ரோஸ் கலர், இடுப்பில் பூ. தலை நுழைந்தது, கை நுழையவில்லை. அம்மா உள்தையலைப் பிரித்துப் பார்த்தாள், துணி மிச்சமில்லை. வெள்ளிக்கிழமை போனில், "அளவெடுத்தாப்புல இருக்குங்க" என்றாள்.

நான் போனைப் பிடுங்கி, "பொய்யிப்பா. அது நாலு வயசுப் புள்ளைக்கு உள்ளது. மானுக்கெல்லாம் வயசு சொல்றீங்க, என் வயசு தெரியலையா?" என்றேன். அப்பா முகம் அசையவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு மான் நடந்து போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் மானைக் காட்டினார். வயதைக் கேட்டால் மட்டும், "தெரியலையேம்மா" என்பார். மணல் நிறக் குட்டியை முன்னால் வைத்துக்கொண்டே அப்படிச் சொல்வார். அப்பாவுக்கு வேலை மறந்துவிட்டது, வேலை தெரியாதவரை யார் வைத்துக்கொள்வார்கள், சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.