பார்பிக்யூ பழனிவேலின் ஒரே புகைப்படம்

மெல்பர்னில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு பார்பிக்யூ அடுப்பு இருக்கிறது. கடைக்காரர் கிடையாது. பொத்தானை அழுத்தினால் தட்டு சூடாகும். யார் வேண்டுமானாலும் இறைச்சி கொண்டுவந்து சுட்டுத் தின்றுவிட்டு, துடைத்து வைத்துவிட்டுப் போகலாம். வந்து ஆறு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. போன வாரம் ஒரு சாயங்காலம் இருப்புக் கொள்ளாமல் அந்தப் பூங்காவை மூன்றாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் அங்கே சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். என்னையறியாமல் போய் அவர் பக்கத்தில் நின்றுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதோ முடிந்தது, நீங்கள் சுடலாம்" என்று அவசரமாகத் தட்டை வழித்தார். சுடுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை, சும்மா நிற்கிறேன் என்றேன். சும்மா நிற்பது என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. பசி போலிருக்கிறது என்று நினைத்து ஒரு சாசேஜை ரொட்டியில் சுற்றிக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்ததால் வேகமாக நடந்தேன்.

அன்றைக்குத்தான் பழனிவேல் அண்ணன் இறந்த செய்தி வந்திருந்தது. எங்கள் ஊர் இலுப்பூர்க்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சவுதியில், தம்மாமில் ஒரு ஓட்டலில் பன்னிரண்டு வருடம் கோழி சுட்டவர். ஊருக்குத் திரும்பி, ஒரு டிரம்மைப் பாதியாக அறுத்துக் கரி போட்டு, கடைத்தெருவில் பார்பிக்யூ கடை வைத்தார். கூண்டு கழற்றிய பழைய டேபிள் ஃபேன்தான் கரிக்குக் காற்று. ஐந்து மணிக்கெல்லாம் புகை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஆளைக் கூப்பிடும். அவருடைய கோழி உலகத்திலேயே உயர்ந்தது என்று அளக்க மாட்டேன். சில நாள் உப்புக் கூடும், சில நாள் ஒரு பக்கம் கருகும். கேட்டால், "கருகுன எடந்தாம்ப்பா டேஸ்ட்டு" என்பார்.

எனக்கு விசா இரண்டு தடவை மறுக்கப்பட்ட வருடம், ஊரில் தலைகாட்ட முடியவில்லை. எதிரில் வருபவரெல்லாம் "எப்பப்பா ஃப்ளைட்டு?" என்று கேட்டார்கள். துக்கம் விசாரிப்பதுபோல விசாவை விசாரித்தார்கள். பழனிவேல் அண்ணன் மட்டும் "லெக்கா, செஸ்ட்டா?" என்று கேட்டார். எட்டு மாதம், சாயங்காலம் தவறாமல் அவர் அடுப்போரம் போய் நின்றேன். ஒரு நாள்கூட அவர் வேறு எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் யாராவது என்னிடம் வாயைத் திறந்தால், "அட, அங்கிட்டு தள்ளி நில்லுங்கப்பா, நெருப்புத் தெறிக்குது" என்று விரட்டுவார். நெருப்புத் தெறித்ததே இல்லை.

செய்தியைச் சொன்னவன் என் பள்ளித்தோழன் முருகேசன். நான் இங்கே கிடங்கில் வேலையாக இருந்தபோது அழைத்தான். "காலைல நெஞ்சு வலிக்குதுன்னாராம்டா. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." மேலாளரிடம் போய், இறப்பு, வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். உறவினரா என்று கேட்டார். இல்லை, எனக்குக் கோழி சுட்டுக் கொடுத்தவர் என்றேன். "ஓ, உங்கள் வீட்டில் சமையல்காரர் இருந்தாரா?" என்று அவர் கண்கள் விரிந்தன. அன்றிலிருந்து என்னை நொடித்துப்போன ஜமீன்தாரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். 'என் அண்ணன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துக்க விடுப்பே கிடைத்திருக்கும். ஊரில் நாளுக்கு நூறு தடவை சொன்ன வார்த்தைதான். இங்கே அது பொய்யாகிவிடுமே என்று நாக்கு எழவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முருகேசன் மறுபடி அழைத்தான். "சாயங்காலத்துக்குள்ள பிளெக்ஸ் கட்டணும். ஒரு போட்டோகூட இல்ல. ஆதார்ல இருக்குறது அவரு மாதிரியே இல்லன்னு செல்வி அக்கா அழுவுறாங்க. ஒங்கிட்ட இருக்கும்னு அவங்கதான் சொன்னாங்க." செல்வி அக்கா அவருடைய மனைவி. இருந்தது. போன விடுமுறையில் ஊரிலிருந்து புறப்படுவதற்கு முதல் நாள், கேமராவைக் கண்டால் புகைக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதரை, கழுத்தைச் சுற்றிக் கை போட்டு இழுத்து நிறுத்தி எடுத்த படம். "விடுப்பா, கோழி கருகுது" என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறார். அனுப்பினேன். "ஒன்னய வெட்டிட்டுத்தான் போடுவாங்க, கோவிச்சுக்காத. கண்ணீர் அஞ்சலில உசுரோட இருக்கவன் பக்கத்துல நிக்கக் கூடாதுல்ல" என்றான். சரிதான், அபசகுனம். ஆனாலும் வலித்தது. உடலை எடுக்கும்போது போய் நிற்கவும் முடியாது, படத்திலும் நிற்கக் கூடாது என்றால் நான் அவருக்கு யார்? அந்தக் கேள்வியோடுதான் பூங்காவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பிளெக்ஸின் படம் வந்தது. பின்னால் நீல வானம், இரண்டு வெள்ளைப் புறா, நடுவில் சிரிக்கும் பழனிவேல் அண்ணன். என்னை முழுதாக வெட்டியிருந்தார்கள், கையைத் தவிர. கழுத்துக்குப் பின்னால் போய் அவருடைய அந்தப் பக்கத்துத் தோளில் தொங்கிய கையை எடுத்தால் சட்டையும் சேர்ந்து போய்விடும் என்று பிளெக்ஸ் கடைக்காரர் விட்டுவிட்டாராம். முருகேசனை அழைத்தேன். பதறினான். "பாக்க நல்லால்லடா. யாரு கையின்னு எல்லாரும் கேக்குறாங்க. வேற அடிக்கச் சொல்றேன்." அதற்குள் செல்வி அக்கா போனை வாங்கிவிட்டார்.

"அதெல்லாம் வேணாம் தம்பி, இருக்கட்டும். கேக்குறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். ஒன்னால வர முடியல, கையாவது வந்துச்சுல்ல."

கடைத்தெருவில் அந்தப் பிளெக்ஸ் இன்னும் கட்டியிருக்கிறதாம். அங்கே என் கை அவர் தோளில் கிடக்கிறது. மீதி ஆள் இங்கே ஆறு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.