பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்

ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் வாகனத் தரிப்பிடத்தை நோக்கி நடக்கும்போது, யூஜினி அக்கா கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து கோயில் அறிவித்தல் தாளில் பிழை திருத்திக்கொண்டிருப்பார். கையில் சிவப்புப் பேனை. ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் சின்னக் கூடாரம் போல ஒரு குறி போட்டு அந்த எழுத்தைச் செருகுவார். திருமண அறிவித்தலில் பெண்ணின் தகப்பன் பெயர் பிழைத்திருந்தால் இரண்டு கோடு இழுப்பார். பிறகு தாளை நாலாக மடித்து, பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும் குருவானவரிடம் நீட்டுவார். அவரும் பள்ளிக்கூடப் பையனைப் போல வாங்கி வைத்துக்கொள்வார்.

"மற்றதுகள் பிழைச்சாலும் பரவாயில்லை பாதர். ஆக்களின்ர பேர் பிழைக்கக் கூடாது."

ஐம்பத்தாறு வயது. குள்ளமான உருவம், வேகமான நடை. மன்னார்ப் பக்கத்தவர். கணவர் ஜூலியன் பார ஊர்திகள் திருத்துபவர். இங்கே அஜக்ஸ் நகரில் வீடு, மார்க்கம் நகரில் வேலை. பத்தொன்பது வருடங்களாக நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் ஏறி இறங்கியவர். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயரும். யூஜினி அக்காவுக்குத் தாழும், சொல்லுக்குச் சொல் இடைவெளி விழும். அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினால் ஜூலியன் அண்ணை கராஜுக்குள் போய்விடுவார்.

அவர் வேலை செய்த கம்பனி, தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களின் மருந்துச் செலவு, பல் வைத்தியச் செலவு ஆகியவற்றைத் திருப்பிக் கொடுப்பது. எதற்குக் கொடுப்பது, எதற்கு மறுப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் யூஜினி அக்கா இருந்தார். ஒரு நாளைக்கு நாற்பது கோப்புகள். கூட வேலை செய்தவர்கள் மறுப்புக் கடிதத்தின் அடியில் 'கிளெய்ம்ஸ் பிரிவு' என்று மட்டும் போடுவார்கள். இவர் தன் முழுப் பெயரையும், பதவியையும், நேரடித் தொலைபேசி எண்ணையும் போடுவார். மேலதிகாரி இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை.

"இல்லை எண்டு சொல்லுறது ஆர் எண்டு அந்தாளுக்குத் தெரியவேணும். திட்டுறதெண்டாலும் ஆரையாவது திட்டவேணுமே."

திட்டினார்கள். திட்டி முடித்த பிறகு சிலர் வேறொரு வைத்தியரின் கடிதம் இருப்பதாகச் சொல்வார்கள். அதை அனுப்பச் சொல்லி, கோப்பைத் திரும்பத் திறந்து, மறுத்ததைக் கொடுத்திருக்கிறார். அப்படிப் பலருக்கு.

போன வருடம் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் காரணத்தை மூன்று வரியில் தட்டச்சு செய்யும்படி எல்லோருக்கும் உத்தரவு வந்தது. இவர் ஏழு வரி எழுதினார், காற்புள்ளி, அரைப்புள்ளியோடு. ஆறு மாதம் எழுதினார். இந்த மார்ச் பதினான்காம் திகதி முப்பத்தொரு பேரை ஒரு காணொளி அழைப்பில் கூப்பிட்டு, இனிமேல் இந்த வேலையை, தானாகவே கோப்பைப் படித்து முடிவெடுக்கும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்டுகள் செய்யும் என்று சொன்னார்கள். அவர்கள் எழுதிய காரணங்களையெல்லாம் அவை படித்துவிட்டனவாம். அழைப்பு பதினொரு நிமிடம். நாற்காலியில் போட்டிருந்த மெத்தையையும் மேசைக்கடியில் இருந்த செருப்பையும் எடுக்கப் போனபோது, அவருடைய நுழைவு அட்டை கதவைத் திறக்கவில்லை. காவலாளி உள்ளே போய் ஒரு குப்பைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதுவரை நடந்தது இந்த நகரத்தில் ஆயிரம் பேருக்கு நடந்ததுதான். ஜூன் மாதம் நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கோயிலுக்கு வருபவர் கிறிஸ்துநாயகம். பாண் பேக்கரியொன்றில் இரவு பகலாக உழைக்கும் மனிதர். நீரிழிவு இருக்கிறது. கையில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் சீனியின் அளவைக் காட்டுகிற சிறிய வில்லை ஒன்றை வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கான செலவை இதே கம்பனிதான் கொடுத்துவந்தது. ஜூன் மூன்றாவது ஞாயிறு அவர் நெற்றியில் கட்டோடு வந்திருந்தார். யூஜினி அக்கா என்ன நடந்தது என்று கேட்க, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அவருடைய மனைவி ஜோசப்பின்தான் நின்று, கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"இதைப் போட்டது நீங்கள்தானே அக்கா? அவர் வில்லை இல்லாமல் போய், சீனி இறங்கி, மெஷினடியில விழுந்தவர். நாலு தையல். ஒரு வார்த்தை எங்களோட கதைச்சிருக்கலாம்."

நான் பக்கத்தில் நின்றேன். கடிதம் நாலு வரி. வைத்தியரின் குறிப்பில் தேவை நிறுவப்படவில்லை, ஆகவே கொடுப்பனவு மறுக்கப்படுகிறது. அடியில் 'யூஜினி ஜூலியன், சீனியர் கிளெய்ம்ஸ் எக்ஸாமினர்'. தொலைபேசி எண் இல்லை. திகதி ஜூன் ஒன்பது.

யூஜினி அக்கா அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக, "என்னை மார்ச் மாசம் நிப்பாட்டிப்போட்டினம் ஜோசப்பின்" என்றார். ஜோசப்பினுக்கு அது பொய்யாகத்தான் பட்டிருக்க வேண்டும். கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு கிழமைக்குள் அதே பெயர் போட்ட கடிதங்கள் இன்னும் ஐந்து வீடுகளில் இருப்பது தெரியவந்தது. கோயிலில் யூஜினி அக்கா இருந்த வாங்கில் இடம் கூடிக்கொண்டே போயிற்று.

கம்பனியில் அவருக்குத் தெரிந்த ஒருவர் மிச்சம் இருந்தார். வெங்கட், சென்னைக்காரர், கணினிப் பிரிவில் மென்பொருள் உரிமங்களைப் பார்ப்பவர். யூனியன்வில்லில் ஒரு கோப்பிக் கடையில் சந்திக்க ஒத்துக்கொண்டார். "ஒரு சாட்சி வேணும், நீரும் வாரும்" என்று யூஜினி அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வெங்கட் கோப்பியைத் தொடவில்லை. சொன்னது இதுதான். கோப்புகளைப் பார்க்கும் மென்பொருளுக்கு மூன்று வருடக் காசு முற்கூட்டியே கட்டியாகிவிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு இருக்கை ('சீற்'), அதாவது உள்ளே நுழைய ஒரு கணக்கு என்பது ஒப்பந்தம். ஒரு ஆள் போனால் அந்த இருக்கையை இன்னொரு மனிதருக்கு மாற்றலாம். ஏஜென்டுக்கு மாற்ற முடியாது. அதற்கு வேறு உரிமம், வேறு விலை.

"ஒவ்வொரு லெட்டருக்கும் காசு மேடம். ஒரு ஃபைலை அது ஆறு தடவை படிக்கும், ஆறு தடவையும் பில் ஏறும். ஆளுங்கள அனுப்பினா எவ்வளவு மிச்சம்னு கணக்குப் போட்டவங்க, லைசன்ஸ் எவ்வளவு ஆகும்னு கேக்கவே இல்ல. நீங்க எல்லாம் போன ரெண்டாவது வாரம் எஸ்டிமேட் வந்துச்சு. முப்பத்தொரு பேரோட சம்பளத்துக்குக் கிட்ட வந்துருச்சு."

போனவர்களைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுடைய கணக்குகளை மூட வேண்டாம், அவற்றுக்குள் ஏஜென்டுகளை ஏற்றிவிடுங்கள் என்று மேலிடத்தில் சொன்னார்கள். மென்பொருளைப் பொறுத்தவரை முப்பத்தொரு பேரும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். கடிதத்தின் அடியில் கணக்கில் உள்ள பெயர் தானாக விழும்.

"ஆர் ஏத்தினது?" என்று கேட்டார் யூஜினி அக்கா.

"நான்தான் மேடம்."

"என்ர பேர் இப்ப ஒரு நாளைக்கு எத்தினை கடிதம் போடுது?"

"ஆயிரத்து இருநூறு இருக்கும். மத்த ஊர் ஆபீஸ் ஃபைலும் இப்ப அதுக்குத்தான் போகுது. அது தூங்காது மேடம்."

"அதிலை இல்லை எண்டு போறது?"

வெங்கட் மேசையைப் பார்த்தார். "பாதிக்கு மேல."

அவருடைய வேலை அனுமதி இந்தக் கம்பனியோடு கட்டுப்பட்டது, மறுத்திருந்தால் முப்பத்திரண்டாவது ஆளாகத் தானும் போயிருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அது உண்மைதான். யூஜினி அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பினார். "உமக்கு வேலை வேணும், விளங்குது. எனக்கு ஒரு ரெலிஃபோன் எடுத்திருக்கலாம்" என்றார்.

கம்பனிக்கு எழுதினார். ஆளணிப் பிரிவில் நிரோஷினி என்றொரு பிள்ளை, இங்கே பிறந்தவள், பதில் போட்டாள். அவருடைய பெயர் விழுவது திரையில் காட்டும் முறையில் உள்ள ஒரு தற்காலிகக் கோளாறு, விரைவில் சரிசெய்யப்படும் என்றிருந்தது. மூன்று கிழமை கழித்து அவளே தொலைபேசியில் வந்து, ஒப்பந்தம் முடியும் அடுத்த டிசம்பர் வரைக்கும் பெயர் இருப்பதில் ஆட்சேபனை இல்லை என்று ஒரு கையெழுத்து வைத்தால் மூவாயிரம் டொலர் தரலாம் என்றாள். பெயரால் அன்ரிக்கு ஒரு நட்டமும் இல்லையே என்றும் சொன்னாள். கிறிஸ்துநாயகத்தின் நெற்றியைப் பற்றி யூஜினி அக்கா சொன்னபோது, தனிப்பட்ட கோப்புகளைப் பற்றித் தன்னால் கதைக்க முடியாது என்றாள். "அந்தத் தனிப்பட்ட கோப்பிலதான் பிள்ளை என்ர பேர் கிடக்குது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார் யூஜினி அக்கா.

அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு முறைப்பாடு போட்டார். தொண்ணூறு வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று பதில் வந்தது.

பத்தொன்பது வருடம் கம்பனிகளின் ஒப்பந்தங்களை வாசித்த மனுஷி. கம்பனி எதற்குப் பயப்படும் என்று யோசித்தார். நோயாளிக்குப் பயமில்லை, வேலையால் நிறுத்தியவருக்குப் பயமில்லை, அரசாங்கத்துக்குத் தொண்ணூறு நாள் தவணை இருக்கிறது. மிச்சமிருந்தது மென்பொருளை விற்ற நிறுவனம். அதன் இணையத்தளத்தில், தங்கள் உரிமங்களை யாராவது களவாகப் பாவித்தால் அறிவிக்க ஒரு பக்கமே வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் விஷயத்தை எழுதி அனுப்பினார். வெங்கட்டின் பெயரை எழுதவில்லை.

நாலாம் நாள் அந்த நிறுவனத்தின் சார்பில் அமெரிக்காவிலிருந்து ஒருவர் அழைத்தார். நல்ல மரியாதையான குரல். கடைசியாக வேலை செய்த நாள் எது, கணக்கின் பெயர் என்ன, இன்னும் எத்தனை பேர் என்று மூன்று கேள்விகள் கேட்டார். நோயாளிகளின் கதையை இவர் தொடங்கியதும், அது தனது வேலைக்குள் வராது என்று மன்னிப்புக் கேட்டு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அதை எனக்குச் சொல்லும்போது யூஜினி அக்காவின் குரல் அநேகமாகக் கேட்கவில்லை. "ஒரு மனிசன் விழுந்து மண்டை உடைஞ்சதுக்கு ஒருத்தரும் வரேல்லை. சீற் ஒண்டு களவு போச்சு எண்டவுடன நாலு நாளில ஆள் வந்திட்டுது."

பத்து நாளில் முப்பத்தொரு கணக்குகளும் மூடப்பட்டன. கம்பனி தண்டம் கட்டியது. எவ்வளவு என்று வெங்கட்டுக்கும் தெரியாது, விஷயம் இயக்குநர் சபை வரை போனதாக மட்டும் கேள்விப்பட்டாராம். யார் அறிவித்தது என்பதை மென்பொருள் நிறுவனம் வெளியிடவில்லை. ஏஜென்டுகளுக்கு முறையான உரிமம் வாங்கினார்கள். கணக்குகளுக்குள் ஏற்றச் சொன்ன அதிகாரி, ஒப்பந்தங்களை மதிப்பது எப்படி என்று எல்லா ஊழியருக்கும் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். ஒருவருக்கும் வேலை போகவில்லை. போக வேண்டியவர்கள் முன்னரே போய்விட்டார்கள்.

மறுப்புக் கடிதங்கள் நிற்கவில்லை. அதே நாலு வரி. அடியில் 'கிளெய்ம்ஸ் டீம்' என்று வருகிறது, அவ்வளவுதான்.

கிறிஸ்துநாயகத்தின் வீட்டுக்கு யூஜினி அக்கா தானே போனார். வேலையால் நிறுத்திய கடிதத்தையும் கொண்டுபோனார். திகதியை அவர்கள் பார்த்தார்கள். ஜோசப்பின் அழுதார், கிறிஸ்துநாயகம் தேத்தண்ணீர் போடச் சொன்னார். இவர் தேத்தண்ணீருக்கு இருக்கவில்லை. வைத்தியரின் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டாம் மேன்முறையீட்டை ஒரு மனிதர்தான் பார்க்க வேண்டும் என்று காப்புறுதிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. பொடி எழுத்து. அது அவருக்குத் தெரியும். முதல் மேன்முறையீட்டை அனுப்பி, அதுவும் மறுக்கப்பட்டு வந்த அன்றைக்கே இரண்டாவதை அனுப்பினார். செப்டெம்பர் கடைசியில் வில்லைக்குக் காசு வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் கோயிலின் கீழ்மாடி மண்டபத்தில் ஒரு மடிப்பு மேசை போட்டு இருக்கிறார். சேர்ச்சுக்கு வராதவர்களும், பொட்டு வைத்தவர்களும், முக்காடு போட்டவர்களும் கடிதங்களோடு வருகிறார்கள். எல்லாம் வெல்வதில்லை. வென்றதற்குச் சிரிப்பதுமில்லை. "உது அவைக்குக் குடுக்கவேண்டியதுதான், நான் ஒண்டும் வெட்டி விழுத்தேல்லை" என்பார். ஒரு சதம் வாங்குவதில்லை. யாராவது சாப்பிட ரோல்ஸ் கொண்டுவந்தால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுக்கச் சொல்வார்.

போன சனிக்கிழமை நான் பக்கத்தில் இருந்தபோது அவருடைய கைபேசி அடித்தது. நிரோஷினி. கையில் மருந்து வாங்கிய பற்றுச்சீட்டுகள் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார். பிள்ளை உற்சாகமாக இருந்தாள். ஏஜென்டுகளின் உரிமச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டதாம், சிக்கலான கோப்புகளை மனிதர்களிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறார்களாம், ஆறு பேரை எடுக்கிறார்களாம். ஒப்பந்த அடிப்படையில் மணித்தியாலத்துக்கு இருபத்துநாலு டொலர். முன்பு அவருக்கு முப்பத்தெட்டு. மருந்துக் காப்புறுதி கிடையாது.

"ஒனஸ்ட்லி அன்ரி, ஒரு ஏஜென்ட் லைசன்ஸைவிட உங்கட சீற் சீப்பர். சோ எல்லாருக்கும் நல்லதுதானே?"

மண்டபத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

யூஜினி அக்கா கைபேசியை எடுத்தார். அணைக்காமல், மேசையில் முகம் குப்புற வைத்து, அதற்கு மேல் காப்புறுதிப் புத்தகத்தை வைத்தார். பிறகு எதிரே இருந்த பெண்ணின் பக்கம் கதிரையை இழுத்து, "எந்தத் திகதியில அம்மா இந்த மருந்து வாங்கினது?" என்று கேட்டார். புத்தகத்துக்கு அடியிலிருந்து "அன்ரி? அன்ரி, லைனில இருக்கிறீங்களோ?" என்று குரல் வந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார்.