தங்கையின் இடது கை

என் தங்கை பத்தொன்பது வயது வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆட்டிசம் என்ற பெயரே ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அதுவரை அக்கம்பக்கத்தார் அவளுக்கு வைத்த பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் யாரையாவது அறையத் தோன்றும்.

தொண்ணூறுகளின் நடுவில், அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது, காட்டுப்பாக்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த ஒரு டீச்சர் எங்களுக்கு ஒரு வழி காட்டினார். எழுத்துகள் கொண்ட அட்டையைப் பிள்ளையின் முன்னால் வைக்க வேண்டும். ஒருவர் அவள் கையை லேசாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். "அறிவெல்லாம் உள்ளதான் இருக்கு. கைதான் ஒத்துழைக்க மாட்டேங்குது. நீங்க தாங்கினா போதும், அவளே எழுத்தைத் தொட்டுக் காட்டுவா," என்றார். வெளிநாட்டில் சில டாக்டர்கள் இதை நம்புவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அம்மாவின் காதில் அது ஏறவில்லை.

மாதா கோயில் காலண்டரின் பின்பக்கத்தில் எழுத்துகளை நான்தான் எழுதினேன். கை பிடித்ததும் நான்தான், ஏனென்றால் அம்மா பிடித்தால் அழுகை வந்து கை நடுங்கியது. மூன்றாம் நாள், என் பிடியில் இருந்த அந்த மெல்லிய விரல் நகர்ந்தது. 'அம்மா அழாதே' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டது. சமையலறை வாசலில் நின்ற அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் தள்ளவில்லை. அடுத்த எழுத்து எது என்று மற்றவர்களைப் போலத்தான் நானும் காத்திருந்தேன். ஆனால் விரல் அட்டையில் நடந்துகொண்டிருக்க, தங்கையின் கண்கள் மேலே சுற்றும் மின்விசிறியில் இருந்தன. ஒருநாள், யாரும் எழுத்துச் சொல்லித்தராத அவள் 'தயவுசெய்து' என்று எழுதினாள். அது நான் கடிதங்களில் போடும் சொல். பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டது. அதை யாரிடமும் சொல்லாமல் மறுநாளும் அவள் கையைப் பிடித்தேன்.

அந்த வருடம்தான் நெமிலிச்சேரியிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவருடைய அம்மா காபியைக் குடித்துவிட்டு, "உங்களுக்கு அப்புறம் சின்னவள யாரு பாத்துப்பாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். பூந்தமல்லிக்கு அப்பால் கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம் ஒன்று இருந்தது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மாவுக்குக் கோபம் வரும். "நான் உசுரோட கீற வரைக்கும் அவ இந்த ஊட்ட உட்டுப் போக மாட்டா," என்பாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, தங்கையின் விரல் அட்டையில் வெகுநேரம் நடந்தது. 'என்னை இல்லத்தில் சேர்த்துவிடுங்கள். எனக்குப் பயமில்லை. அக்கா கல்யாணம் நடக்கட்டும்.'

அம்மா அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "இன்னா பண்றது, அவளே சொல்ட்டா. அவ இஷ்டம்," என்றாள். அடுத்த திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. தகரப் பெட்டியில் அவள் துணிகளை நானே அடுக்கினேன்.

அப்பா தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். அளந்து பார்க்காத எதற்கும் 'பாஸ்' முத்திரை குத்தாத மனிதர். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எங்கள் இருவரையும் மேசையில் உட்காரவைத்து, முகங்களுக்கு நடுவில் ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தினார். அவள் முன்னால் இருப்பது எனக்குத் தெரியாது, என் முன்னால் இருப்பது அவளுக்குத் தெரியாது. தடுப்புக்குக் கீழே, எழுத்து அட்டையின் மேல் எங்கள் கைகள் மட்டும் சேர்ந்திருந்தன.

"அவ என்ன பாக்கறாளோ அத எழுதட்டும்," என்றார்.

முதலில் இரண்டு பக்கமும் சாவி. விரல் 'சாவி' என்று எழுதியது. அம்மா சிரித்தாள். அடுத்து என் பக்கம் சீப்பு வைத்தார். 'சீப்பு' என்று வந்தது. தங்கையின் பக்கம் இருந்தது கரண்டி என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்து எனக்கு சோப்பு, 'சோப்பு' என்று வந்தது. அவள் பக்கம் எலுமிச்சம்பழம். நான்காவது முறை என் பக்கம் எதையுமே வைக்கவில்லை.

என் பிடியில் இருந்த விரல் செத்ததுபோலக் கிடந்தது. அவ்வளவு நாளும் அதில் இருந்தது எங்கே போயிற்று என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அப்போது மொறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா அவள் முன்னால் ஒரு முறுக்கை வைத்திருந்தார். யாரும் பிடிக்காத இடது கையால் அவள் அதை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். வேண்டியதை எடுக்கவும் வேண்டாததைத் தள்ளவும் அவள் எப்போதும் நீட்டுவது அந்தக் கையைத்தான். அட்டை வந்த பிறகு நாங்கள் அதைக் கவனிப்பதையே விட்டிருந்தோம்.

அப்பா தடுப்பை மடித்தார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "அப்ப ஹோமுக்குப் போறேன்னு சொன்னது யாரும்மா?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. என் வலது கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

தங்கை வீட்டிலேயே இருந்தாள். அப்பா நெமிலிச்சேரிக்குப் போய் உள்ளதைச் சொன்னார். கல்யாணம் எப்படியோ நடந்தது. அம்மா மட்டும் அந்தச் சோதனையை ஏற்கவில்லை. "தடுப்பு வெச்சு மெரட்டினா எந்தக் கொயந்த எழுதும்?" என்று சொல்லி, தானே கையைப் பிடிக்க ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் கிறிஸ்துமஸுக்கு நான் போனபோது அம்மா என்னைத் தங்கைக்கு எதிரே உட்காரவைத்தாள். 'அக்கா மேல எனக்குக் கோபம் இல்ல' என்று விரல் எழுதியது. அம்மாவின் கை இப்போது நடுங்கவே இல்லை. "பாரு, அவளே சொல்றா," என்றாள்.

நான் தலையாட்டினேன். டிசம்பரிலும் அவளுக்காகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியில் தங்கையின் கண்கள் இருந்தன. இடது கை மடியில் கிடந்தது. அம்மா அட்டையை எடுத்து உள்ளே வைக்கும் வரை, அது என் பக்கம் நீளுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீளவில்லை.