தேசி மரத்தில் விழுந்த கண்

மொன்றியல் பக்கம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நான் வாடகைக்கு இருந்த அறையில் ஒரே ஒரு நல்ல விஷயம், தெற்குப் பார்த்த பெரிய யன்னல். அதையும் வீட்டுக்கார அக்கா விட்டுவைக்கவில்லை. குளிர் தொடங்கியதும் வெளியில் நின்ற தேசி மரத்தை, அதுதான் எலுமிச்சை, தொட்டியோடு இழுத்து வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். என்னைக் கேட்கவில்லை. புளோரிடாவில் வளர்ந்த கன்று என்று சொல்லிக் கடையில் வாங்கியதாம். முதல் காய் கோயிலுக்கு என்று நேர்ந்திருந்தார். இது இரண்டாயிரத்து ஆறு, ஏழு அளவில் நடந்தது.

தண்ணீர் ஊற்றும் சாட்டில் நினைத்த நேரமெல்லாம் அறைக்குள் வருவார். வந்தால் ஏதாவது குறை சொல்லுவார். லைற்றை நிப்பாட்டவில்லை, குளியலறையில் ஈரம், என் சமையல் மணம். ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு வராது. அவர் ஏசி முடிக்கும் வரைக்கும் மரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

மார்கழியில் மரம் புதுத் துளிர் விட்டது. கொஞ்ச நாளில் அந்தத் துளிர்களில் வெள்ளிக் கம்பியால் கிறுக்கினதுபோலக் கோடுகள் வந்தன. பிறகு இலைகள் சுருண்டன. அக்கா என்னை ஒருமுறை பார்த்தார், இலையை ஒருமுறை பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றி வாசல் தட்டத்தில் வைத்தேன். உடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பினால், அக்கா குந்தியிருந்து என் சப்பாத்துக்கு அடியில் கிடந்ததைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார். யாருடைய கண் பட்டதோ அவருடைய காலடி மண்ணை எடுத்து நாவூறு கழிப்பது எங்கள் வழக்கம். மொன்றியலில் தை மாதத்தில் காலடி மண்ணுக்கு எங்கே போவது? கிடைத்தது ரோட்டுக்குக் கொட்டிய உப்பும் கல்லும் சேர்ந்த சகதி. அதைச் செத்தல் மிளகாயோடு சேர்த்து மரத்தைச் சுற்றித் தாச்சிச் சட்டியில் போட்டு எரித்தார். புகை மணி வீடு முழுக்க அலறியது. அவருடைய புருசன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினார்.

“பாத்தீரே, எவ்வளவு புகை. அவ்வளவும் கண்,” என்றார் அக்கா.

“மிளகாய் அக்கா,” என்றேன்.

“உம்மை ஆர் கேட்டது?”

எரிந்து மிஞ்சிய உப்பையும் சாம்பலையும் தொட்டிக்குள் கொட்டித் தண்ணீர் விட்டார். ஒவ்வொரு வெள்ளியும் அப்படியே நடந்தது.

கோபத்தில்தான் அந்த இலைகளைக் கவனிக்கத் தொடங்கினேன். அந்தப் பூச்சியின் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. விடியப்புறம் வேலைக்கு வெளிக்கிடும்போது அது துளிரில் இருக்கும். அரிசிக் குறுணியிலும் சின்ன வெள்ளை அந்து, செட்டை நுனியில் கறுப்புப் பொட்டு. பனித்துளி மாதிரி ஒரு முட்டை வைக்கும். குஞ்சுப் புழு இலையின் தோலுக்கும் சதைக்கும் நடுவில் புகுந்து தின்றுகொண்டே ஊரும். அது போன வழி வெள்ளிக் கோடு, கோட்டின் நடுவில் கறுப்பு நூலாக அதன் எச்சம். வளர்ந்ததும் இலையின் ஓரத்தை மடித்து அதற்குள் கூடுகட்டிக் கிடக்கும். பிறகு அந்தாகி வெளியே வந்து அடுத்த துளிரைத் தேடும். முற்றின இலையைத் தொடாது. அதே யன்னலடியில் அக்கா வைத்திருந்த மற்றத் தொட்டிகளில், மல்லிகையை எட்டியும் பார்க்கவில்லை. வில்வக் கன்றின் குருத்திலும் கறிவேப்பிலைக் கொழுந்திலும் மட்டும் கொஞ்சம் கை வைத்தது. என்னைப் போலவே அதுவும் வாடகை கொடுக்கிறதா என்று நினைத்தேன். எனக்கு அதன் மேல் இரக்கம் வரவில்லை.

ஒரு நாள் ஊசியால் இலைத்தோலைக் கிழித்துப் புழுவை எடுத்து விரலில் வைத்துக் காட்டினேன். “அக்கா, இதுதான். துளிரைக் கொஞ்ச நாளைக்குக் கிள்ளிவிட்டால் இதுக்குச் சாப்பாடு இல்லை.”

அக்கா புழுவைப் பார்த்தார். “புழுவை வரப்பண்ணினது ஆர்?”

நான் புழுவை யன்னல் தட்டில் தட்டிவிட்டேன்.

“துளிரைக் கிள்ளட்டாம். கண் வச்சது காணாதெண்டு இப்ப கையும் வைக்கப் பாக்கிறார்,” என்று அண்ணையிடம் சொன்னார்.

“அந்த உப்பையாவது தொட்டிக்கை கொட்டாதேங்கோ. வேர் கருகிப்போடும்,” என்றேன் நான்.

“உப்புத்தான் தம்பி கண்ணைக் கழிக்கிறது. உமக்கு உறைக்குதோ?”

மாசி முடிவதற்குள் இலை நுனிகள் கருகின. பிறகு பச்சை இலைகளும் கொட்டின. துளிர் இல்லாமல் போகவே அந்துகளும் செத்து யன்னல் தட்டில் கிடந்தன. மொட்டைக் கொப்புகளுக்கு முன்னால் நின்று அக்கா அழுதார். அது நடிப்பில்லை. அழுது முடித்து, மாதக் கடைசியோடு அறையை விடச் சொன்னார்.

அண்ணை என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். “கோயில்ல ஒரு தேங்காயை உடைச்சுப்போட்டு, ‘என்ர கண்தான் அக்கா’ எண்டு அவளிட்ட ஒரு சொல்லுச் சொல்லும். அடங்கிடுவாள். இந்தக் குளிருக்கை எங்க போகப்போறீர்?”

“நீங்களும் நம்புறீங்களோ அண்ணை?”

“நான் நம்பி என்ன, நம்பாட்டி என்ன. நான் அவளோட இருக்க வேணும்.”

டோர்வலுக்கு ஒரே பஸ்ஸில் போகக்கூடிய அறை அது. குளிர் நடுவில் வேறு அறை கிடைப்பதும் கடினம். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அது அந்த வீட்டோடு நிற்காது. கோயிலில் என்னைக் கண்டதும் தாய்மார் பிள்ளையைச் சீலைக்குள் மறைப்பார்கள். என் கண் அப்படிப்பட்ட கண் என்று நானே கையெழுத்து வைத்தது மாதிரி.

“நான் சொல்லமாட்டன் அண்ணை,” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

சென்ட் லோரன்ட்டில் மூன்று பேர் படுக்கிற அறை ஒன்றில் இடம் பிடித்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அக்கா வாசலில் வழியை மறித்து நின்றார்.

“போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போடாதையும்,” என்றார். “போறன் எண்டு சொல்லும்.”

“போறன் அக்கா,” என்றேன். அந்த வீட்டில் அவர் சொல்லி, நான் முழு மனதோடு செய்தது அது ஒன்றுதான்.