ஈரியாவுக்காக நேர்ந்த மொட்டை

ஈரியா சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தபோது மோனிஷாவின் ஜெராக்ஸ் கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனில் கடைசிப் பகுதியைப் பார்த்து முடித்தவள், பின்னலை முன்னால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். வருகிற ஆவணியில் அதில் பூ வைத்துத் தைத்துக்கொண்டு மணவறையில் உட்கார வேண்டியவள் அவள்.

'அலைவம்சம்' ஏதோ ஒரு தேசத்தில் எடுத்த மாயக்கதைத் தொடர். தமிழிலும் பேசியது. அரசை இழந்து உப்பளத்தில் வளர்ந்த இளவரசி ஈரியா. அவள் கூப்பிட்டால் தண்ணீர் எழுந்து வரும். திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் மோனிஷா, அந்தத் தொடரின் ஒவ்வொரு பகுதியையும் தன் ஊர்ப் பேச்சிலேயே யூடியூபில் சொல்லிவந்தாள். யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் எந்த ராஜாவுக்கு யார் மகன் என்று வரைந்து, நாலு தடவை பார்த்து, பிறகுதான் வாயைத் திறப்பாள். முதலில் அவள் 'இன்னா'வைக் கிண்டலடிக்க வந்தவர்கள், பிறகு அதைக் கேட்கவே வந்தார்கள்.

போன வருஷம், ஆறாவது சீசன் முடிவில், ஈரியா மார்பில் ஈட்டியோடு கிடந்தாள். அன்று மோனிஷா மாடியில் நின்று, முதுகுக்குப் பின்னால் கோயில் மலை தெரிய, வீடியோ எடுத்தாள். அழுது வீங்கிய முகம். "இவ பொழச்சி வந்து சிம்மாசனத்துல உக்காந்துட்டா, நான் மொட்ட போட்டுக்கிறேன்" என்றாள். அதோடு விட்டிருந்தால் வெறும் பேச்சு. சொன்னவள் திரும்பி, மலையைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

சென்னையிலும் மதுரையிலும் பார்த்தவர்கள் அதைப் பந்தயம் என்று நினைத்துச் சிரித்தார்கள். மோனிஷாவின் அம்மா தாயம்மாள் சிரிக்கவில்லை. மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் காசை முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். கல்யாணப் பேச்சே அப்போது இல்லை.

இப்போது ஈரியா உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த விதத்தைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. கடலைக் கூப்பிட்டு ஒரு நகரத்தையே மூழ்கடித்துவிட்டாள். அவளை எடுத்து வளர்த்த உப்பளக் கிழவனும் அதில் போய்விட்டான்.

மதியத்துக்குள் கமெண்டுகள் கொட்டின. "ஏழு சீசன் எங்கள ஏமாத்திட்டானுங்க." "கத எழுதினவன் கையில கெடைக்கணும்." பிறகு எல்லாம் இவள் பக்கம் திரும்பின. "அக்கா, அது சிம்மாசனமே இல்ல, மொட்ட போட்டா அந்தக் கதய நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி." "சொன்ன வாக்கு இன்னா ஆச்சி?" ஒருவன் அவள் படத்தில் தலையை வழித்துப் பரப்பினான். சென்னையிலிருந்து ஒரு கும்பல் ஆடிக் கிருத்திகைக்கு ரயிலேறி வந்து, மொட்டை போடுவதை லைவ் காட்டப்போவதாக அறிவித்தது.

மறுநாள் காலையே ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். ரத்தினம்மாள், மோனிஷாவின் அப்பா கஜபதியின் அக்கா. மாப்பிள்ளை பிரேம்குமாரின் அம்மா. கொடுத்த தண்ணீரைக் கையால் தொடவில்லை.

"கஜபதி, உன் பொண்ணு மொட்டத் தலையோட மணவறையில உக்காரப்போறாளாமே. எங்க தெருவுல எல்லாரும் ஃபோன்ல பாத்துகினு சிரிக்கிறாங்க."

கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த கஜபதி, காலில் சேறு காயாமல் நின்றுகொண்டிருந்தார். "டீவில வர்றவளுக்காகவா சாமி மொட்ட கேக்கப்போவுது? வுடு அக்கா."

"சாமி கேக்கல. இவ சொன்னா" என்றாள் தாயம்மாள். "மலையப் பாத்துக் கும்பிட்டுச் சொன்னா. காசு முடிஞ்சது நானு. கடனத் தீர்க்காம தாலி ஏறக்கூடாது."

"அப்ப பூமுடி குடுத்துட்டு வரட்டும். மூணு எடத்துல கத்தரிச்சா போதும், பொம்பளைங்க அதத்தான் குடுக்கறாங்க."

"நான் பூமுடின்னு சொல்லலியே அத்தே" என்றாள் மோனிஷா.

ரத்தினம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஆங், தெரியும்டி. கேமரா இருக்குது, கூட்டம் வருது, மொட்ட போட்டா நாடே பாக்கும். கூத்துக்கு மொட்ட போடறவள என் வூட்டுக்கு எடுக்க மாட்டேன். நிச்சயம் பண்ண தட்ட திருப்பி அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்."

அத்தை போனபின் மோனிஷா, தான் 'பாவா' என்று கூப்பிடும் அத்தை மகன் பிரேம்குமாருக்குப் போன் செய்தாள். பின்னணியில் விசைத்தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பாவா, நீ இன்னா சொல்ற?"

"எனக்கு மொட்டையால ஒண்ணும் இல்ல. ஈரியா கெட்டவள்னு மூணாவது சீசன்லியே நான் கமெண்ட் போட்டேன், நீதான் என்ன பிளாக் பண்ண."

"கல்யாணம் நிக்கப்போவுது, உனுக்கு கிண்டலா?"

"அம்மாகிட்ட என்னால பேச முடியாது மோனி. நீயே பேசு."

தப்பிக்க வழி ஒன்று இருந்தது. அன்று சாயங்காலம் கடையை மூடிவைத்துக்கொண்டு அதைப் பதிவும் செய்தாள்: முடிவு மோசடி, ஈரியா உட்கார்ந்தது கணக்கில் சேராது, ஆகவே மொட்டை கிடையாது. கேட்கிறவர்கள் கைதட்டுவார்கள், அத்தையும் அடங்கிவிடுவாள். ஏற்றுமுன், தன் வழக்கப்படி, பழையதோடு ஒத்துப்பார்க்க உட்கார்ந்தாள். மூன்றாவது சீசனைப் பற்றிப் பேசிய வீடியோவில், ஈரியா எதிரிப் பாளையத்தைத் தூக்கத்திலேயே மூழ்கடித்த இடம். அதில் சமையல்காரர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். திரையில் மோனிஷா கைதட்டிக்கொண்டிருந்தாள். "போடு. மொத்தமும் போவட்டும். என் தங்கம்டி நீ." கீழே ஆயிரம் பேர் கூடச் சேர்ந்து தட்டியிருந்தார்கள். பாவா மட்டும் 'இவ கெட்டவ' என்று எழுதியிருந்தான்.

பிறகு போன வருஷத்து வீடியோவை ஓட்டினாள். உட்கார வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறாள். எப்படி என்று கேட்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது.

புதிய பதிவை அழித்தாள்.

கிருத்திகைக்கு முந்தின வாரம், ஒரு சாதாரணப் புதன்கிழமை, அம்மாவும் பெண்ணும் படியேறி மலைக்குப் போனார்கள். மோனிஷா செல்போனைக் கடையிலேயே பூட்டிவைத்திருந்தாள். வழியில் தாயம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "உங்க அத்தைக்கிட்ட சொல்லிட்டேன். மறைச்சி செஞ்சா தப்பும்மா." மோனிஷா பின்னலைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

மொட்டை போடும் மண்டபத்தில் ஈரத் தரையெங்கும் முடி. சீட்டை வாங்கிய நாவிதர் அவள் பின்னலையும் தாலியில்லாத கழுத்தையும் பார்த்தார்.

"பூமுடியாம்மா?"

"மொட்டைங்க."

தலையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். உச்சியில் கத்தி வைத்து இழுத்ததும் முதல் கற்றை மடியில் விழுந்தது. பாதித் தலை வழித்திருந்தபோது மண்டபத்து வாசலில் ரத்தினம்மாள் வந்து நின்றாள், படியேறிய மூச்சு வாங்க. மோனிஷாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அத்தையின் செருப்பில்லாத கால்களை மட்டும் பார்த்தாள். அவை ஒரு சுற்று சுற்றின. தூண்களுக்குப் பின்னால், ஜன்னல் பக்கம், தாயம்மாளின் பையருகே என்று கேமராவைத் தேடி நின்றன.

"எங்கடி உன் ஆளுங்க?"

"யாரும் வரல அத்தே."

"ஃபோனு?"

"கடையில இருக்குது."

கத்தி நின்றிருந்தது. பாதித் தலை வெளுத்து, பாதியில் முடி ஒட்டிக்கிடக்க, கன்னத்தில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள் மோனிஷா. இதோடு எழுந்து போய்விடலாம் என்றுகூட யாரும் சொல்ல முடியாத நிலை.

"அந்தப் பொம்பள, கடைசியில நாற்காலில உக்காந்தாளா இல்லியா?" என்றாள் ரத்தினம்மாள்.

"உக்காந்தா அத்தே. ஊரையே முழுகடிச்சிட்டு உக்காந்தா."

"அத நான் கேக்கல. உக்காந்தா இல்ல?"

"உக்காந்தா."

ரத்தினம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் மடியில் கிடந்த கற்றையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு நாவிதரிடம் சொன்னாள்:

"காதுகிட்ட பாத்து வழிங்க. ஆவணியில கல்யாணம், கத்தி பட்ட வடு தெரியக்கூடாது."