திருநீறு பூசிய வாக்கு

ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடையில் நிற்கும் கஜேந்திரனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் எடுத்து ஆடும் வெளிநாட்டு விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டாளி ரொஷானோடு கடையின் பின்பக்கம் உட்கார்ந்துவிடுவான். ஆடினால் மட்டும் போதுமா? அந்த விளையாட்டை நம் தேயிலைத் தோட்டத்துக்கே கொண்டுவரக் கிளம்பிவிட்டான் மகாராசன்!

ஏடு படித்து மந்திரம் கற்றவன் விசார்ட். அவன் நம்மூர் மந்திரவாதி. சாமிக்குத் தொண்டு செய்து சக்தி வாங்குகிறவன் கிளெரிக், அவன் பூசாரி. நோன்பின் பலத்தால் நிற்கிறவன் பலடின். காப்புக் கட்டி விரதமிருந்து காமன் கூத்து ஆடுகிறவனை அங்கே பொருத்தினான். பேயோடு பேரம் பேசியவன் வோர்லொக். அந்த ஆட்களும் தோட்டத்தில் இல்லாமலா போனார்கள்?

"சாமியாடிதான்டா எதுலயும் ஒட்ட மாட்டேங்குறான்" என்று தலையைச் சொறிவான்.

"கிளெரிக்ல போட்டு விடேன்" என்பான் ரொஷான்.

"கிளெரிக் தன் வாயால பேசுவான். சாமியாடி வாயில சாமில்ல பேசுது? ஆடுறவனுக்கு என்ன பேசுனோம்னே தெரியாது."

பொருந்தும் வேடம் கிடைக்காவிட்டாலும் சாமியாடிக்கு ஒரு விதியை மட்டும் எழுதி வைத்தான்: திருநீறு பூசிச் சொன்ன வாக்கு மாறாது. அது அவன் கற்பனையில்லை, தோட்டத்து வழக்கம். சாமி ஆயிரம் சொல்லும், அதட்டும், சோதித்துப் பார்க்கும். கேட்பவர் நெற்றியில் திருநீறு பூசிச் சொல்வதுதான் முடிந்த முடிவு. அவனுடைய அப்பா சோலைமலையே, தேயிலை பெக்டரியைக் காக்கும் ரோதைமுனிக்கு ஆடியவர்தான். அவர் செத்தபின் முனி யார்மேலும் வரவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அவன் அம்மா நாகலெட்சுமிக்கு மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். அவள் மசியவில்லை.

"முனி வாக்குக் கேக்காம எம்மேல கத்தி படக்கூடாதுய்யா."

"முனிதான் இப்ப யாருமேலயும் வரலியேம்மா!"

"வரும்போது வரட்டும்."

கெஞ்சினான், சண்டை போட்டான், சாப்பிடாமல் கிடந்தான். கல்லில் நார் உரிக்கலாம், நாகலெட்சுமியிடம் ஒரு 'சரி' வாங்க முடியாது. கடைசியில்தான் அந்த யோசனை தோன்றியது. வாராவாரம் வேடம் எடுத்துப் பேசுகிறவன், ஒரு நாள் முனியாகப் பேசினால் என்ன?

வெள்ளிக்கிழமை முனிக்கு நடக்கும் மதியப் பூசையில் தப்பு மேளம் முழங்கியதும் கஜேந்திரன் உடம்பை உதறிக்கொண்டு எழுந்தான். அப்பாவைப் போலவே முதலில் சுருட்டுக் கேட்டான். சனம் குலவையிட்டது. நாகலெட்சுமி ஓடிவந்து காலில் விழுந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போ! அறுத்துக்கிட்டு வா!" என்று உறுமினான்.

அதோடு நிறுத்தித் திருநீறு பூசி மலையேறியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம் அப்படி நடுங்கியது.

"சாமி, நான் பொழைப்பேனா? எம்புள்ள தனியா நின்னுருவானே!"

முனி எங்கே போனாரோ, மகன்தான் அங்கே நின்றான். கை தானாகத் திருநீற்றை அள்ளி அவள் நெற்றியில் பூசியது. "ஒனக்கு ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்" என்றது வாய்.

மறுநாள் காலையில் அவள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுச்சில்லம்மா சாமி?"

"அது சோதனைய்யா. அப்பறம் மனசு எறங்கித் திருநீறு பூசி ஒண்ணும் ஆவாதுன்னுருச்சு. அதுதான வாக்கு?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது! கஜேந்திரன் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "அம்மா, அது சாமியில்ல, நான்தான். நடிச்சேம்மா. பொய் சொன்னேன்."

நாகலெட்சுமி சிரித்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள்! "ஒங்கப்பாவும் இப்படித்தான். மலையேறுனதும், 'நான் எங்க புள்ள சொன்னேன், நீயா எதையாச்சும் பேசாத'ம்பாரு. உள்ளுக்குள்ள வந்து போனது ஒனக்கு எப்புடித் தெரியும்?"

அடுத்த வெள்ளி மறுபடி ஆடினான். "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவள் கைகூப்பிச் சொன்னாள்: "திருநீறு பூசியாச்சு சாமி. இனி நீயே நெனைச்சாலும் மாத்த முடியாது." அவன் எழுதி வைத்த விதி அவன் அம்மா வாயில் வந்து நின்றது. பூசாரி முதல் சின்னப் பிள்ளைவரை அதற்குத் தலையாட்டினார்கள்.

அதன்பிறகு அவன் பகடையைத் தொடவில்லை. ரொஷான் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

ஐப்பசி மழையில் அவள் எழமுடியாமல் விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. இனி அறுத்துப் பயனில்லை என்றார் டாக்டர். ஏன் இவ்வளவு நாள் கொண்டுவரவில்லை என்று கேட்டார்.

கட்டிலோரம் நின்று தேம்பியவனின் கையை நாகலெட்சுமி பிடித்துக்கொண்டாள். கை எலும்பாகியிருந்தது.

"அழாதய்யா. நீ அப்ப நெனவுல இல்ல, அதான் ஒனக்குத் தெரியல. ஒண்ணும் ஆவாதுன்னு சாமி சொல்லிருக்கு."

"ஆமாம்மா" என்றான் கஜேந்திரன். "சொல்லிருக்கு."